வேலை இல்லை என்பதற்குச் சாட்சி

பழைய அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருவர் என்னை மாட்டிவிட்டார். "ஐம்பத்தைந்து வயதில் வேலை தேடி, கிடைத்து, அதிலிருந்து முறையாக ஓய்வும் பெற்ற ஆள் நமக்குத் தெரிந்து பாண்டியராஜன் ஒருவர்தான். எப்படி என்று எழுதச் சொல்லுங்கள்" என்று போட்டார். உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அதில் பாதிப் பேர் இப்போது வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். எப்படிக் கிடைத்தது என்று எனக்கே இன்றுவரை பிடிபடவில்லை. பிடிபடாததைப் பிடிபடாதபடியே எழுதுகிறேன். யாருக்காவது உபயோகப்பட்டால் அது அவர்கள் செய்த புண்ணியம்.

ஓய்வு என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. எங்கள் தொழிலில் மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ எதுவும் கிடையாது. லேப்டாப்பை அட்டைப்பெட்டியில் வைத்து கூரியரில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்தது. அதுதான் என் பணிநிறைவு விழா.

மதுரையில் எம்.சி.ஏ. படித்தது, சென்னையில் வேலைக்குச் சேர்ந்தது, பெங்களூருக்கு மாறியது, இரண்டு முறை அமெரிக்கா போய்க் குளிரில் நடுங்கிவிட்டு வந்தது எல்லாம் என் தலைமுறையில் எல்லோருக்கும் நடந்ததுதான். அதை விட்டுவிடலாம். ஆனால் பெருமாள் சாரை விட முடியாது.

அவர் என் முதல் டீம் லீடர். எழுதிய புரோகிராமை அவர் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்துக் காட்டாமல் வெளியே அனுப்ப முடியாது. "வாசிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு வரியாக இது என்ன செய்கிறது, அடுத்தது என்ன செய்கிறது என்று தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு விரலைத் தூக்குவார். என்ன தப்பு என்று மட்டும் சொல்லவே மாட்டார். "திரும்ப" என்பார், அவ்வளவுதான். மூன்றாம் முறை வாசிக்கும்போது நமக்கே ஓரிடத்தில் பேச்சு தடுமாறும். அங்கே பார்த்தால் தப்பு உட்கார்ந்திருக்கும். நான் ஒருமுறை வீம்புக்கு வேகவேகமாக வாசித்து முடித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "பாண்டி, பஸ்ஸைப் பிடிக்கணுமா? பிடிச்சுட்டு நாளைக்கு வந்து வாசிங்க" என்றார். அன்றிலிருந்து புரோகிராமைப் பார்த்தாலே என் உதடு தானாக அசையும். பெங்களூரில் எனக்குப் பட்டப்பெயரே பூசாரி.

வேலை போனது ஒரு சாதாரண நாளில்தான். பத்து நிமிட வீடியோ அழைப்பு. மனிதவளத் துறையிலிருந்து ஒரு பெண் எழுதிவைத்ததை வாசித்தாள். என் மேலாளர் பக்கத்துக் கட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். என் பணியிடமே இனி இல்லை என்றார்கள். ஆள் வேண்டாம் என்றால்கூடக் கோபப்படலாம், இடமே இல்லை என்றால் யாரிடம் போய்க் கோபப்படுவது? பெங்களூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தேனிப் பக்கம் என் சொந்த ஊரான ஓடைப்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். என் மனைவி ஜெயந்தி ஊரிலேயே இருந்தாள், பக்கத்தில் ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

வந்த மறுநாள் எதிர்வீட்டுப் பேச்சியம்மாக்கா வாசலில் நிறுத்தினார். திராட்சைத் தோட்டங்களுக்குப் பெண்களைச் சேர்த்து வேலைக்கு அழைத்துப் போகிறவர் அவர். "என்னா தம்பி, லீவா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயந்தி முந்திக்கொண்டாள்.

"இப்பல்லாம் இவுகளுக்கு வீட்டுல இருந்தேதானக்கா வேலை. கொரோனா வந்ததுலருந்து அப்படித்தான்."

"அப்படியா, நல்லது" என்று அக்கா போய்விட்டார்.

நானும் மறுக்கவில்லை. ஒரு மாதத்தில் வேலை கிடைத்துவிடும், அப்புறம் அது பொய்யே இல்லை என்று நினைத்தேன். உள்ளுக்குள் அவமானமாகவும் இருந்தது, தப்பித்தோம் என்றும் இருந்தது. மறுநாளிலிருந்து மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி என்று காலையில் மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தேன். வேலை தேடுவதே முழுநேர வேலை ஆனது.

முதலில் ஏஜென்சியிலிருந்து போன் வரும். மொத்த அனுபவம் எவ்வளவு, இந்த வேலைக்குப் பொருந்துகிற அனுபவம் எவ்வளவு, இருக்கிற வேலையை விட்டு வர எத்தனை நாள், அதாவது நோட்டீஸ் பீரியட் எவ்வளவு. இந்த மூன்று கேள்விதான், மூன்றிலும் விழுந்தேன். மொத்த அனுபவத்தைச் சொன்னால் எதிர்முனையில் மூச்சு நின்று போகும். உடனே வந்து சேருகிறேன் என்றால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். "உடனேவா?" என்பார்கள், குரல் இறங்கிவிடும். மூன்று மாதம் காக்க வைக்கிறவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். கையில் வேலை இருக்கிறவனுக்குத்தான் வேலை.

அதைத் தாண்டினால் அடுத்த சுற்று. ஒரு கம்பெனியில், "இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம் நீங்களே உட்கார்ந்து புரோகிராம் எழுதுவீங்களா?" என்றார்கள். எழுதுவேன், அதுதான் எனக்குப் பிடிக்கும் என்றேன். தலைமைப் பண்பு போதவில்லை என்று மெயில் வந்தது. அடுத்த கம்பெனியில் அதே கேள்விக்கு, பெரும்பாலும் மற்றவர்களை வழிநடத்துவேன் என்றேன். கையால் வேலை செய்கிற ஆள்தான் வேண்டும் என்று மெயில் வந்தது. ஆடத் தெரியாதவன் என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். எந்தக் கூடத்தில் எந்த ஆட்டம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆலோசகர் ஒருவர் பயோடேட்டாவில் முதல் பத்து வருடத்தை வெட்டச் சொன்னார். வெட்டினேன். அதில் பெருமாள் சாரும் போனார். அடுத்த நேர்காணலில் ஒரு பையன் பயோடேட்டாவையும் கேமராவில் தெரிந்த என் முடி கொட்டிய முன்மண்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், காலேஜ் லேட்டா முடிச்சீங்களா?" என்று கேட்டான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே பழையபடி சேர்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது ஆன்லைன் தேர்வு. கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு புரோகிராம் எழுத வேண்டும். நாம் கண்ணை எங்கே திருப்புகிறோம் என்று ஒரு மென்பொருள் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லாக் கணக்குக்கும் விடை எழுதி, சரிபார்த்து, நிம்மதியாக எழுந்தேன். மறுநாள் தகுதிநீக்கம் என்று வந்தது. காரணம், தேர்வர் அறையில் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தார். அறையில் என்னைத் தவிர ஒரு பல்லிதான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, என் உதடு. விளக்கம் எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. அடுத்த தேர்வில் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினேன். வாய் மூடியதும் புத்தியும் மூடிக்கொண்டது, பாதி விடை தப்பு.

இப்படியே தீபாவளி போய், பொங்கலும் போனது. ஊருக்கு நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். ராத்திரி ஜெயந்தி ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்காமல் இருப்பதற்கு அவள் படும் பாட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அந்த நேரத்தில்தான் ஒரு வீடியோ நேர்காணலில் நிவேதா வந்தார். சென்னையில், கிடங்குகளில் சரக்கு எங்கே இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியின் மேலாளர். என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. வணக்கம், நலமா எதுவும் இல்லை. ஒரு புரோகிராமைத் திரையில் போட்டு, "எப்பவாவது ஒரே மூட்டை ரெண்டு லாரிக்குப் போயிடுது. ஏன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

"வாயில ஏதாவது அடியா?" என்றார்.

மறைக்கத் தோன்றவில்லை. வாசித்துத்தான் பழக்கம், ஆனால் கேமராக்காரர்களுக்கு அது பிடிக்காது என்றேன். "இங்க கேமராக்காரர் யாரும் இல்ல, நான்தான் இருக்கேன். சத்தமா வாசிங்க" என்றார். வாசித்தேன். சரக்கு இருக்கிறதா என்று பார்க்கிறோம், இருந்தால் லாரிக்கு ஒதுக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் தடுமாறி நின்றேன். பார்ப்பதற்கும் ஒதுக்குவதற்கும் இடையில் இன்னொருவர் வந்து பார்த்தால் அவருக்கும் சரக்கு இருப்பதாகத்தானே தெரியும் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி. எனக்குக் கீழ வேலை செய்வீங்களா?"

"மேல ஒருத்தர் இருந்தா எனக்கு நிம்மதிதான்" என்றேன். அது உண்மை. அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அந்த வார முடிவில் வேலை உறுதி என்று மெயில் வந்தது, பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டு. விண்ணப்பத்தில் கடைசியாக வேலை போன மாதத்தையும், அதற்குப் பிறகு எங்கும் வேலையில் இல்லை என்பதையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். "இங்கன சொன்ன மாதிரி அங்கனயும் சொல்லிராதீக" என்று ஜெயந்தி பக்கத்திலேயே நின்றாள்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து போன். மனிதவளத் துறைப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். நீங்கள் தந்த தகவலுக்கும் கள அறிக்கைக்கும் முரண்பாடு இருக்கிறது என்றாள்.

"எந்த விஷயத்துலம்மா?"

"உங்க நிரந்தர முகவரிக்கு ஆள் போய் விசாரிச்சிருக்காங்க. நீங்க ஒரு பெரிய ஐடி கம்பெனியில வேலை பார்க்கறதா அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் உறுதியா சொல்லியிருக்காங்க. வீட்டுலருந்து, ராத்திரி பகலா."

பி.எஃப். கணக்கைப் பாருங்கள், எத்தனை மாதமாகப் பணம் வரவே இல்லை என்றேன். பார்த்துவிட்டோம், வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தனியாக வேலை செய்தால் பி.எஃப். வராது என்றாள். இரண்டு இடத்தில் வேலை செய்கிறவர்களை அவர்கள் எடுப்பதில்லை. நிவேதா மேடம் கேட்டுக்கொண்டதால் ஒரே ஒரு முறை மறுவிசாரணை செய்வோம், அதிலும் இப்படியே வந்தால் பணி ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்றாள். நீங்கள் அந்த நேரத்தில் உடன் இருக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

வேலை இருந்தது என்பதற்கு என்னிடம் பெட்டி நிறையக் காகிதம் இருந்தது. வேலை இல்லை என்பதற்கு என்ன காட்டுவது? இதுவும் போனால் இனி எனக்கு வேலையே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவு ஒன்றுதான் அப்போது என்னிடம் இருந்தது.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை. உத்தமபாளையம் காதர் பாய் வாடகைக்கு எடுத்துத் திராட்சைப் பெட்டி கட்டுகிற இடம். அன்று பேச்சியம்மாக்காவும் அவருடைய பெண்களும் அங்கே பழத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன்.

"அக்கா, என்னையப் பத்தி விசாரிக்க யாராச்சும் வந்தாகளா?"

"வந்தாகளே. ஹெல்மெட்டு போட்ட ஒரு தம்பி. நானும் பாயும்தான் பேசுனோம். நல்லபடியாத்தான் சொல்லி அனுப்பிருக்கோம், நீ கவலைப்படாத."

"என்னான்னு சொன்னீக?"

"பெரிய கம்பெனியில வேலை, மாடியிலயே ஆபீசு, வெளிநாட்டுக்காரக இந்தத் தம்பியக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டாகன்னு சொன்னேன். பாப்பாவுக்கு வரன் விசாரிக்க வந்திருக்காகன்னு நெனச்சேன் தம்பி. வேற எதுக்கு ஒருத்தன் வீட்டப் போட்டோ எடுத்துக்கிட்டு, குடும்பம் எப்படி, வேலை எப்படின்னு கேப்பான்?"

எங்கள் பக்கம் அப்படித்தான். முன்பின் தெரியாதவர் தெருவில் நின்று ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் அது கல்யாண விசாரணை. அப்போது ஒரு பிடி கூட்டிச் சொல்வது அக்கம்பக்கத்தின் கடமை. குறைத்துச் சொன்னவர் வீட்டுக்கு அப்புறம் யாரும் தாம்பூலம் கொண்டுபோக மாட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.

எல்லாப் பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு வழி இல்லை. "அக்கா, அது கம்பெனி ஆளு. எனக்கு வேலை போயி ரொம்ப மாசமாச்சு. வீட்டுலருந்து வேலைன்னு சொன்னதெல்லாம் பொய்யி" என்றேன். சொல்லும்போது காது சுட்டது.

ஒரு முகமும் மாறவில்லை. ஒரு கையும் நிற்கவில்லை. காதர் பாய் பெட்டிக்குக் காகிதம் விரித்துக்கொண்டே சொன்னார்.

"அதுனாலதானப்பா அப்படிச் சொன்னோம்."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்ல. டீச்சரம்மா ஒண்ணு சொல்லுது, நாம எதுக்கு அத இல்லேன்னு சொல்லணும்?" என்றார் அக்கா.

மறுபடி ஆள் வருவார், இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுங்கள், வேலை இல்லை என்றால்தான் எனக்கு வேலை கிடைக்கும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"வேலை இல்லாதவன்தான் அவுகளுக்கு வேணுமாக்கும்? அப்ப இம்புட்டு நாளா நீ என்னாவா இருந்த? ஏன் குடுக்கல?"

இரண்டு நாள் கழித்து அந்த ஹெல்மெட் தம்பி தேனியிலிருந்து வந்தார். நான் உடன் இருக்கக் கூடாது என்பதால் வீட்டுக்குள் மாடிப்படியில் நின்றேன். ஜன்னல் வழியாகக் கொட்டகைப் பேச்சு நன்றாகக் கேட்டது.

"பாண்டியராஜன் இப்ப எங்கயாவது வேலையில இருக்காரா?"

"இல்ல" என்றார் அக்கா.

"போன தடவை இருக்காருன்னு சொன்னீங்களே?"

"போன தடவை நீ பொண்ணு விசாரிக்க வந்தேன்னு நெனச்சோம்."

அந்தத் தம்பி அதைப் போனில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தேடியிருப்பார். "அம்மா, நான் ரிப்போர்ட் எழுதணும். மாடியில உட்கார்ந்து இங்கிலீஷ்ல பேசறாருன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப வேலை இல்லேங்கிறீங்க. வேலை இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லச் சொன்னாரா?"

ஆமாம் என்றுதான் சொல்வார், அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"சொல்லச் சொன்னது நெசந்தான்" என்றார் அக்கா. "ஆனா அது சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. எனக்கு இங்கிலீசு தெரியாது தம்பி. ஆனா நானும் தோட்டக்காரக வாசல்ல போயி நின்னு, எங்க பொம்பளைகளுக்கு வேலை குடுங்கன்னு கேக்குற ஆளுதான். வேலை பாக்குறவுக பேச்சு ஒரு மாதிரி இருக்கும். வேலை கேக்குறவுக பேச்சு வேற மாதிரி இருக்கும். பேசி முடிச்சுட்டு அந்தத் தம்பி ரொம்ப நேரம் கீழ எறங்காது. நாங்களும் அன்னைக்கு அந்தப் பக்கம் போக மாட்டோம். மாடியில இருந்து இத்தன மாசமா அந்தத் தம்பி வேலை கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வெட்கத்தில் வந்ததா, ஆறுதலில் வந்ததா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அறிக்கையில் அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் லேப்டாப் வந்தது. அதன்பிறகு நிவேதாவுக்குக் கீழே, யாரும் விரல் தூக்காவிட்டாலும் சத்தமாக வாசித்துக்கொண்டே, போன வருடம் வரை வேலை பார்த்தேன். எனக்கு வேலை கிடைத்தது திறமையாலா, நிவேதாவாலா, அக்காவாலா, அன்று ஹெல்மெட் தம்பிக்கு இருந்த மனநிலையாலா? எதை மற்றவர்களுக்கு யோசனையாகச் சொல்வது? வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

இப்போது சாயங்காலம் ஊருக்குள் நடக்கப் போகிறேன். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் திரும்பி வந்த பிள்ளைகள் மாடியறைகளில் இருக்கிறார்கள். ஜன்னல் வழியாக இங்கிலீஷ் பேச்சு தெருவுக்கு வரும். அர்த்தம் எனக்குப் புரியும், ஆனால் நான் அர்த்தத்தைக் கேட்பதில்லை. சில குரல்களைக் கேட்டதும் சத்தமில்லாமல் எதிர்ச்சாரிக்கு மாறிப் போய்விடுவேன். அந்தப் பிள்ளையை மறுநாள் கடையில் பார்த்தால், "வீட்டுலருந்தே வேலையா தம்பி?" என்று நானாகவே கேட்கிறேன். "ஆமாண்ணே" என்கிறது.

"நல்லது" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.